சூரியகாந்தித் தண்டை விட்டுவிட்டுத் தேயிலைக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக நீங்கள் போடும் விஞ்ஞானப் பக்கத்தை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டுகிறவள் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். தாவர இழையங்களைப் பற்றிய பக்கத்தில் உதாரணமாக வந்தவை சூரியகாந்தித் தண்டு, சோள வேர், பேரிக்காய். பேரிக்காய் சரி. வெலிமடைப் பக்கத்துப் பேரிக்காயைக் கடித்தால் பல்லில் நறநறப்பது கற்கலங்கள் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். மற்ற இரண்டும் எதற்கு? மஸ்கெலியாவில் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் தேயிலைதானே நிற்கிறது!

முதலில் ஒரு திருத்தம். காழ் (நீரைக் கடத்தும் இழையம்) இறந்தது, உரியம் (உணவைக் கடத்தும் இழையம்) உயிருள்ளது என்று அட்டவணையில் இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். காழில் நீரைக் கடத்தும் கலன்கள் இறந்தவைதான். ஆனால் அதற்குள்ளேயே மெல்லிய சுவர்க் கலங்களாலான உயிருள்ள புடைக்கலவிழையமும் இருக்கிறது. உரியத்தில் உள்ள நார்கள் இறந்தவை. உணவைக் கடத்தும் நெய்யரிக்குழாய்க்கு உயிர் உண்டு, கரு இல்லை. பக்கத்துத் தோழமைக்கலம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. பரீட்சைக்குச் சுருக்கம் வேண்டும் என்பீர்கள். பல்தேர்வு வினாவில் பிள்ளை வழுக்கி விழுவது இந்தச் சுருக்கத்தில்தான்.

இனி தேயிலைக்கு வருகிறேன். கொழுந்தின் நுனியில் இருப்பது உச்சிப் பிரியிழையம், அதாவது பிரிந்து பிரிந்து புதுக் கலங்களை உண்டாக்கும் இழையம்: மெல்லிய சுவர், பெரிய கரு, நெருக்கியடித்த கலங்கள். நுனி இருக்கும்வரை கீழேயுள்ள கக்க அரும்புகளை (இலைக் கக்கத்தில் இருக்கும் பக்க அரும்புகளை) தலையெடுக்க விடாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியதும் அந்தத் தடை நீங்கிப் பக்க அரும்புகள் கிளம்பும். விட்டால் மரமாக வளரும் செடி இடுப்பளவில் மட்டமாக நிற்பது இதனால்தான். பிரியிழையத்தின் தொழில் யாது என்று கேட்டால் முழிக்கும் பிள்ளை, "அம்மா ஏன் நுனியைக் கிள்ளுறாங்க?" என்றால் பதில் சொல்லிவிடுகிறது.

இளந்தண்டு கிள்ளியதும் டக்கென்று முறியும். அதில் இலிக்னின் என்ற கடினப் பொருள் ஏறிய நார் இன்னும் உண்டாகவில்லை. இரண்டு கணு கீழே போனால் நகம் இறங்காது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முற்றல் இலைக்காகக் கூடையைக் கிளறி முகம் சுளிப்பதன் காரணமும் வல்லுருக்கலவிழையம்தான், தடித்துக் கடினமான சுவருள்ள கலங்களின் கூட்டம். அந்த நாரும் குச்சியும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூளோடு தூளாக வந்துவிடும், பிறகு அவற்றைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். வாட்டும்போது இலை துவள்வது புடைக்கலங்கள் நீரை இழந்து விறைப்புக் கெடுவதால். உருட்டும்போது அதே கலங்கள் கிழிந்து, கலத்துக்குள் புன்வெற்றிடம் என்ற சாற்றறையில் இருந்த பொலிபீனோல் என்ற பொருள் நொதியத்தோடும் காற்றோடும் சேர்கிறது. பச்சை இலை செம்பு நிறமாவது அப்போதுதான். அப்பா ஸ்டோரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

எங்கள் பாடசாலையில் ஒரு நுணுக்குக்காட்டி இருக்கிறது, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடிக்கிற பழைய வகை. நல்ல கரட் துண்டொன்றைப் பிளந்து, நடுவில் முற்றிய தேயிலை இலையை நரம்போடு செருகி, நனைத்த பிளேடால் இரண்டையும் சேர்த்து மெல்லச் சீவுகிறோம். சீவலில் தடித்ததை எல்லாம் ஒதுக்கி, கண்ணாடி போலத் தெரியும் ஒன்றை மட்டும் நீர்த்துளியில் வைப்போம். மென்மையான கலங்களுக்கு நடுவே, கொம்பு கொம்பாகக் கிளைவிட்டு, தடித்த சுவரோடு பளபளவென்று ஒரு கலம் நிற்கும். வல்லுரு. சாயம்கூடத் தேவையில்லை. அதைப் பார்த்த பிள்ளை பிறகு வரைகிற படமே வேறு. கொப்பியில் பார்த்து வரைந்த படத்தில் எல்லாக் கலமும் ஒரே அளவு பெட்டியாக இருக்கும்.

கவ்வாத்தை, அதாவது செடியைக் கட்டையாக வெட்டிவிடுவதை, மறந்துவிடாதீர்கள். கத்தியை ஓங்கிச் சரிவாக வெட்டிய கிளையில் காயத்தை மூடுவது ஓரத்து மாறிழையம், தண்டைப் பருக்கவைக்கும் பிரியிழையம். விளிம்பிலிருந்து வளையமாக வளர்ந்து உள்நோக்கி வரும். நடுவிலுள்ள பழைய காழ் தானாக ஆறாது. சிதைவாக வெட்டினால் அந்த வழியாகத்தான் உக்கல் இறங்கும். இலையே இல்லாத கவ்வாத்து மலையில் புதுத் துளிர் எதைத் தின்று வருகிறது? வேரின் புடைக்கலவிழையத்தில் சேர்த்துவைத்த மாப்பொருளை. அது குறைந்த செடியை வெட்டினால் பட்டுப்போகும். அதனால்தான் வெட்டுவதற்கு முன் வேரைச் சீவி, மாப்பொருள் இருக்கிறதா என்று அயடீன் விட்டுப் பார்ப்பது உண்டு, நாங்கள் ஆய்வுகூடத்தில் இலைக்கு விடுகிற அதே அயடீன். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்தைத் தயாரிக்கிறவர் ஒருநாள் அங்கே போய் வந்தால் போதும், ஒரு வருடத்துக்கான வினாக்கள் கிடைக்கும்.

ஒருவித்திலைக்குச் சோளம்தான் வேண்டும் என்றில்லை, கித்துள் இருக்கிறது. மாறிழையம் இல்லாததால் அதன் அடிமரம் தேயிலைக்கு நிழல் தரும் சபுக்கு மரம் போல வருடத்துக்கு வருடம் பருப்பதில்லை என்பதை நேரில் காட்டலாம். தும்புத்தடியில் இருக்கும் கித்துள் தும்பு நாருக்கு உதாரணமாகும்.

அடுத்த மாதிரி வினாத்தாளுக்கு என் பங்காக ஒன்று: "வரட்சிக் காலத்தில் கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலைச் செடி துளிர்க்கவில்லை. இதனோடு தொடர்புடைய இரண்டு இழையங்களைப் பெயரிட்டு, அவற்றின் தொழிலைக் கொண்டு காரணம் கூறுக." நான்கு புள்ளி கொடுக்கலாம். தேயிலை இலையின் குறுக்குவெட்டுப் படம் வேண்டுமென்றால் என் மாணவி ஒருத்தி வரைந்தது கைவசம் இருக்கிறது. பென்சில் படம் உங்கள் அச்சில் கரிப்பூச்சாக வரும் என்பதால் கறுப்பு மையில் வரைவித்து அனுப்புகிறேன். அவள் பெயரைப் படத்தின் கீழே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா.