2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பார்வையற்றோர் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. அக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு நாள் கொண்டாடப்பட்டது. கணினித் திரையில் உள்ளதை நமக்கு வாசித்துச் சொல்லும் ஆர்கா திரைவாசிப்பானில் புதியவர்களுக்கு வகுப்பு நடந்தது. தேநீர் உபயதாரருக்கு நன்றி.

உறுப்பினர் பதிவேடு பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலாளர் நம்மைக் கறுப்புத் திரைக்குள் தள்ளிவிட்டார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. திரை கறுப்போ வெள்ளையோ, நமக்கென்ன?

பழைய பதிவேடு லிப்ரே ஆபிஸ் விரிதாளாக மூன்று பேரிடம் மூன்று விதமாக இருந்தது. மெனு, பொத்தான் உள்ள தரவுத்தள மென்பொருள்களைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றில் அட்டவணைக்குள் நுழைந்ததும் ஆர்கா வாயை மூடிக்கொண்டது. இன்னொன்றில் எதைத் தொட்டாலும் வெறும் "பொத்தான்". மென்பொருள் தன் பொத்தானுக்குப் பெயர் வைத்து ஏடி-எஸ்பிஐ என்ற இணைப்பு வழியாகச் சொன்னால்தானே ஆர்கா நமக்குச் சொல்லும்? அதனால்தான் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்ற அந்தக் கறுப்புத் திரையில், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம்.

அங்கேயும் விடை அட்டவணையாகக் கட்டம் கட்டி வந்தால், ஆர்காவுக்குக் குரல் தரும் ஈஸ்பீக் ஒரே ஓட்டமாகப் படித்துவிடும். கடைசியில் கேட்ட எண் தொலைபேசியா சந்தாவா என்று புரியாது. 'டாட் மோட் லைன்' என்று அடித்தால் பெயர், ஊர், சந்தா என்று தலைப்போடு வரிக்கு ஒன்றாக வரும். போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலைக்குப் பின்சாய்வு எக்ஸ். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொன்றில் கட்டளை முடிவில் அரைப்புள்ளிக்குப் பதில் பின்சாய்வோடு பெரிய ஜி. பிரெயில் டிஸ்பிளே வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வசதி.

ஜூலை மாதச் சம்பவத்தையும் மறைக்கவில்லை. ஒருவருடைய சந்தாவைப் பதியும்போது, யாருடைய வரியை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' நிபந்தனையை விட்டுவிட்டேன். நொடியில் சங்கமே சந்தா கட்டி முடித்துவிட்டது. எத்தனை வரி மாறின என்று எஸ்க்யூலைட் தானாகச் சொல்வதில்லை. பார்வையுள்ளவர்களுக்கும் சொல்வதில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். முந்தைய இரவு எடுத்த நகல் காப்பாற்றியது. இப்போது அந்த எண்ணிக்கையைச் சொல்ல வைக்கும் 'டாட் சேஞ்சஸ் ஆன்' போடாமல் எதிலும் கைவைப்பதில்லை. இதை மூன்று கூட்டங்களில் நினைவூட்டிய பொருளாளருக்கும் நன்றி.

பதிவேடு ஒழுங்கானதில் ஒரு சங்கடமும் உண்டு. சந்தா பாக்கி யார் யார் என்று கேட்டால், நான் காபி குடித்துவிட்டு வரும்வரை ஈஸ்பீக் வாசிக்கிறது. பெயர்களை இங்கே சொல்லவில்லை. கூட்டத்துக்கு வராதவர்கள் பட்டியலையும் அதோடு சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலும் அதே பெயர்கள்தான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சிறிது உண்டு. தணிக்கையாளர் கேட்ட சில ரசீதுகள் தேடப்பட்டு வருகின்றன. இடம் தந்தவர்களுக்கும் துணை வந்த தன்னார்வலர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பதிவேட்டுக்கு இன்னொரு ஆள் வேண்டும். எல்லாம் என் ஒருவன் தலையிலும் என் ஒரு மடிக்கணினியிலும் இருப்பது நல்லதல்ல. இளையவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். கட்டளைகள் பத்துக்கு மேல் இல்லை, கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். வரும்போது தங்கள் பாக்கியையும் எடுத்து வந்தால், முதல் பதிவை அவர்கள் கையாலேயே போட்டுப் பழகலாம்.

இப்படிக்கு,
செயலாளர்