மண்டையோட்டில் தானியம் நிரப்பி அளந்தவர்

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முதல் நாள் அனாடமி வகுப்பு முடிந்து வந்தவள் சாப்பிடாமல், "அந்த உடம்பு யாரோடதுப்பா?" என்று கேட்டாள் என்று எழுதியிருந்தாய். கேட்கத் தெரிந்த பிள்ளை. நல்ல டாக்டராக வருவாள்.

இப்போது நான் படித்துக்கொண்டிருப்பதும் ஒரு அனாடமிக்காரரைப் பற்றித்தான். பெயர் பிரீட்ரிக் டீடெமான், ஜெர்மனியர். நாம் விலங்கியல் படித்த காலத்தில் யாரும் இவர் பெயரைச் சொன்னதாக நினைவில்லை. 1781-இல் காசல் நகரத்தில் பிறந்தவர். அப்பா தத்துவப் பேராசிரியர். குழந்தை பிறந்த நாளிலிருந்து அது எதை எப்போது முதலில் செய்தது என்று பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்து, 1787-இல் அச்சிட்டும் விட்டார். குழந்தையின் மன வளர்ச்சியைப் பதிவு செய்த முதல் நாட்குறிப்புகளில் அதுவும் ஒன்று. அப்படிக் கவனிக்கப்பட்ட பையன் வளர்ந்து, கருவில் இருக்கும் சிசுவின் மூளை மாதத்துக்கு மாதம் எப்படி உருவாகிறது என்று 1816-இல் புத்தகம் எழுதினான் என்பதைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது.

அதே வருஷம் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேதியியலாளர் க்மெலினோடு சேர்ந்து செரிமானத்தை ஆராய்ந்தார். இன்றைக்கு எனர்ஜி டிரிங்க் டப்பாக்களில் டாரின் என்று போட்டிருக்கிறார்களே, அதை மாட்டுப் பித்தநீரிலிருந்து 1827-இல் முதலில் பிரித்தெடுத்தவர்கள் இவர்கள் இருவரும்தான்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது அவருடைய 1836-ஆம் வருஷத்துக் கட்டுரையைப் பற்றி. ஆப்பிரிக்கரின் மூளையை ஐரோப்பியரின் மூளையோடும் ஒராங்குட்டானின் மூளையோடும் ஒப்பிட்டு எழுதி, லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குக் கொடுத்தார். ஆங்கிலத்திலேயே எழுதினார். பிரிட்டன் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டு அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த விஷயம் அரசியலுக்கும் சட்டத்துக்கும்கூட முக்கியமானது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

ஆப்பிரிக்கர் மூளையில் தாழ்ந்தவர்களா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் பல, தாழ்ந்தவர்கள்தான் என்ற பக்கம். அவர்களில் ஒருவர் சோமரிங். டீடெமான் பிறந்த அதே காசலில் உடற்கூறு கற்பித்தவர், பின்னாளில் டீடெமானுக்கு முதல் பேராசிரியர் வேலை கிடைக்கப் பரிந்துரை செய்தவர். காசலில் இறந்துபோன ஆப்பிரிக்கர்களின் உடல்களை அறுத்துப் பார்த்துவிட்டு, இவர்கள் ஐரோப்பியரைவிடக் குரங்குக்குச் சற்று நெருக்கம் என்று 1784-இல் எழுதினார். ஊரை விட்டு எங்கோ கொண்டுவரப்பட்டு அங்கே செத்தவர்கள். பாப்பா கேட்ட கேள்வியை அந்த மேஜையருகே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டீடெமான் என்ன செய்தார் தெரியுமா? மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் நுழையும் பெரிய துளை இருக்கிறதல்லவா, அதன் வழியாக உலர்ந்த சிறுதானியத்தைக் கொட்டி நிரப்பினார். பிறகு தானியத்தின் எடையைக் கணக்கிட்டார். கையில் கிடைத்த மூளைகளை நேரடியாகவே எடை போட்டார், நரம்புகளின் பருமனைப் பார்த்தார். ஆப்பிரிக்கரின் மூளை மொத்தத்தில் ஐரோப்பியரின் மூளை அளவுக்கு இருக்கிறது, உள்ளமைப்பில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்று எழுதினார். தன்னைத் தூக்கிவிட்ட மனிதரின் முடிவு தவறு என்று சபையில் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

சரி, அளவு முறையில் ஓட்டை இல்லையா? உண்டு. நெல்லைக் குலுக்கி அளந்தால் ஒரு கணக்கு, தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, தானியமும் அப்படித்தான். இன்னொன்று, அவர் சராசரி போடவே இல்லை. மிகச் சிறியது இது, மிகப் பெரியது இது என்று எல்லைகளை மட்டும் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் அதே அட்டவணையைக் கூட்டி வகுத்து, உன் கணக்கே உனக்கு எதிராக இருக்கிறதே என்றார்கள். என்னைக் கேட்டால் எல்லையைப் பார்த்ததுதான் சரி. ஒரே கூட்டத்துக்குள்ளேயே சின்ன மண்டையும் பெரிய மண்டையும் இவ்வளவு கலந்து கிடக்கும்போது, ஒரு மண்டையோட்டின் கொள்ளளவை வைத்து அது எந்தக் கண்டத்து மனிதனுடையது என்று சொல்லவே முடியாது. சராசரியோ உடம்பின் உயரத்தைப் பொறுத்தும், எத்தனை பெண்களின் மண்டையோடு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். எனக்கு அவரிடம் இருக்கும் ஒரே மனக்குறை வேறு. மூளை பெரிதாக இருந்தால் அறிவும் பெரிது என்ற அளவுகோலை அவரும் ஏற்றுக்கொண்டுதான் வாதாடினார்.

உலகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூன்றே வருஷத்தில் பிலடெல்ஃபியாவில் மார்ட்டன் என்பவர் மண்டையோடுகளை விதையால் நிரப்பி, சராசரி போட்டு, வெள்ளையரை உச்சியில் உட்கார வைத்துப் புத்தகம் போட்டார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைமுறையை ஆதரித்தவர்கள் அதைத்தான் தூக்கிப் பிடித்தார்கள்.

டீடெமானின் கடைசிக் காலம் துயரமானது. 1849-இல் தென்மேற்கு ஜெர்மனியில் இருந்த பாடன் என்ற அரசில் மன்னராட்சிக்கு எதிராகப் புரட்சி நடந்தபோது, மகன் குஸ்டாவ் புரட்சிக்காரர்கள் பிடித்திருந்த ராஸ்டாட் கோட்டையின் தளபதி. கோட்டை விழுந்ததும், புரட்சியை அடக்க வந்த பிரஷ்ய நாட்டுப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருஷம் அப்பா பதவியை விட்டு விலகினார். 1861 ஜனவரியில் மியூனிக்கில் இறந்தார். இன்னொரு மகன் ஹைன்ரிக் டாக்டராகி, மார்ட்டன் வாழ்ந்த அதே பிலடெல்ஃபியாவில் குடியேறினார். அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. ஹைன்ரிக்கின் மகன், தாத்தா பெயரையே கொண்டவன், அந்தத் தென்மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்கின் படையில் அதிகாரியாகச் சேர்ந்தான்.

பாப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு. தை மாதம் பெரியவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பத்திரிகை தனியாக வரும். தங்கச்சியையும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. ராத்திரி உட்கார்ந்து பேச நிறைய இருக்கிறது.

அன்புடன்,
ராமலிங்கம்