ரெண்டு மூணு வாரத்துல நடந்தது இப்ப ஏன் நடக்காது? துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

துணைவேந்தர்களுக்கும் செனட்ல உக்காந்து முடிவெடுக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

2020 மார்ச் 11 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுன்னு சொன்னுச்சு, கொஞ்ச நாள்லயே உலகம் முழுக்க கேம்பஸ் காலி, கிளாஸ் மொத்தமும் ஆன்லைனுக்கு போயிடுச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் என்ன சொல்லிட்டு இருந்தீங்க? லெக்சர ரெக்கார்ட் பண்ணி குடுங்கன்னு மாற்றுத்திறனாளி மாணவர்கள் வருஷக்கணக்கா கேட்டாங்க, வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்க கேட்டாங்க, கைக்குழந்தையோட படிக்கிறவங்க கேட்டாங்க. காப்பிரைட் பிரச்சன, பட்ஜெட் இல்ல, பேராசிரியர்கள் ஒத்துக்க மாட்டாங்க, அப்புறம் பசங்க யாரும் கிளாசுக்கே வர மாட்டாங்கன்னு எவ்ளோ காரணம் அடுக்குனீங்க. ஆனா எல்லாருக்கும் தேவைன்னு வந்ததும் ரெண்டு மூணு வாரத்துல அத்தனையும் நடந்துச்சே! அப்ப இவ்ளோ நாளா முடியாம இல்ல, மனசு இல்ல.

ஆன்லைன் கிளாஸ் சொர்க்கம்னு சொல்ல வரல, அந்த கூத்த நாங்களும் பாத்தவங்கதான். கேமரா ஆஃப் ஆன கறுப்பு கட்டங்களப் பாத்து வாத்தியார் "கேக்குதா, யாராச்சும் இருக்கீங்களா"ன்னு கேட்டுட்டே இருப்பார், ஒருத்தரும் மைக்க ஆன் பண்ண மாட்டோம். பரீட்சைக்குன்னு, காப்பி அடிக்கிறோமான்னு கேமரா வழியா கண்காணிக்கிற ப்ராக்டரிங் சாஃப்ட்வேர் வேற. யோசிக்கிறப்போ கண்ணு கொஞ்சம் மேல போனா சந்தேகம்னு குறிச்சு வெக்கும், ரூம்ல வெளிச்சம் கம்மின்னா முகமே தெரியலங்கும், கறுப்பா இருக்கிறவங்க முகத்த ஒழுங்கா கண்டுபிடிக்கவே இல்லன்னு சில நாட்டுல மாணவர்கள் புகார் குடுக்கிற அளவுக்கு போச்சு. அந்த சனியன் ஒழியட்டும். ஆனா கேம்பஸ் திறந்ததும் அது கூடவே லெக்சர் ரெக்கார்டிங்கயும் சேத்து ஏன் தூக்குனீங்க? இப்ப பல எடத்துல அதே ஹால்ல அதே கேமரா மாட்டியிருக்கு, ஸ்விட்ச்தான் ஆஃப்.

இன்னொண்ணு. அந்த நேரத்துல பல்கலைக்கழகம் எதுக்குன்னு ஊருக்கே புரிஞ்சுது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல லாரன் கார்ட்னர்னு ஒரு பேராசிரியரும் அவங்ககிட்ட பிஎச்டி பண்ண ஒரு மாணவரும் 2020 ஜனவரில போட்ட, எந்த நாட்டுல எத்தன பேருக்கு கொரோனான்னு காட்டுற டேஷ்போர்டத்தான் அரசாங்கங்கள்லேர்ந்து டிவி சேனல் வரைக்கும் பாத்துட்டு கிடந்துச்சு, அதுவும் ஃப்ரீயா. கொரோனாவுக்கு எந்த மருந்து வேலை செய்யுதுன்னு பாக்க ஆக்ஸ்ஃபோர்ட் நடத்துன ரெகவரி ட்ரையல்ல, டெக்ஸாமெத்தசோன்ங்கிற பழைய, விலை கம்மியான ஸ்டீராய்டு வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவ கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறைக்குதுன்னு 2020 ஜூன்லயே தெரிஞ்சுது. வழக்கமா காசு கேக்குற ஜர்னல்காரங்க கோவிட் பத்தின ஆய்வுக்கட்டுரைகள மட்டும் காசு கேக்காம படிக்க விட்டாங்க. மத்த நோய்க்காரங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்கன்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

அதே சமயம் கேட்டலின் கரிக்கோங்கிற விஞ்ஞானிய மறந்துடாதீங்க. எந்த புரதத்த செய்யணும்னு உடம்பு செல்லுக்கு சொல்ற எம்ஆர்என்ஏ பத்தின ஆராய்ச்சிக்கு கிராண்ட், அதாவது நிதி, கெடைக்கலன்னு பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1995ல அவங்கள பதவி இறக்குச்சு, அவங்க விடல, ட்ரூ வைஸ்மனோட சேந்து 2005ல முக்கியமான கட்டுரை ஒண்ணு போட்டாங்க, கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அதுதான் அடித்தளம், 2023ல ரெண்டு பேருக்கும் நோபல். நோபல் வந்ததும் பெருமப்பட எல்லாரும் வந்துட்டாங்க, சரி, ஆனா இப்ப உங்க டிபார்ட்மென்ட்ல அந்த மாதிரி ஒருத்தர் இருந்தா ப்ரமோஷன் குடுப்பீங்களா? எத்தன பேப்பர், எவ்ளோ கிராண்ட்னு எண்ணுற அதே ஃபார்ம்தான இன்னமும்? பொதுஜனத்துக்கு ஒரு டேஷ்போர்ட் போட்டு தெனமும் அப்டேட் பண்றவங்களுக்கு அந்த ஃபார்ம்ல எந்த கட்டம் இருக்கு?

இதுக்கெல்லாம் காசு இல்லன்னா கட்டடம் கட்டுறத ஒரு வருஷம் தள்ளி போடுங்க, பரவால்ல. லெக்சர் ரெக்கார்டிங்க கேக்குறவங்களுக்கு மட்டும்னு இல்லாம எல்லாருக்கும் குடுங்க, சர்டிஃபிகேட் குடுத்து நிரூபிச்சாதான்னு அலைய விடாதீங்க. பொதுப்பணத்துல நடந்த ஆராய்ச்சிய எல்லாரும் படிக்கிற மாதிரி போடுங்க. அந்த ப்ரமோஷன் ஃபார்ம மாத்துங்க, அதுக்கு கமிட்டி மேல கமிட்டி வேணாம்.

அடுத்த செனட் மீட்டிங்ல இத பேசுங்க. ஆன்லைன்ல வர்ற வசதிய உங்க மீட்டிங்குக்கு மட்டும் எடுக்காம வெச்சிருக்கீங்களே, அந்த லிங்க எங்களுக்கும் அனுப்புங்க.