கோட்டை பார்த்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொற்களும் வேண்டும்: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாசிரியர்களே,

வணக்கம். தொடக்கநிலை 4இல் படிக்கும் என் பேத்தி, 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டிய கற்றல் பயணத்தில், செந்தோசாத் தீவிலுள்ள சிலோசோ கோட்டைக்குப் போய்வந்தாள். தொண்ணூறைக் கடந்த என் தாயார், "என்னம்மா பார்த்துட்டு வந்தே?" என்று ஆசையோடு கேட்டார். "பெரிய துப்பாக்கி, பாட்டி. அது தப்பான பக்கம் பார்த்துச்சாம்" என்றாள் பிள்ளை. அதற்குமேல் சொல்லத் தமிழ் வராமல் தன் பயிற்சித்தாளை நீட்டினாள். என் தாயாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

என் தாயாரின் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். 1942 பிப்ரவரியில், ஜப்பானியருடனான போரில் தளத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது, சிராங்கூன் சாலையில் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்த என் தாயாருக்கு எட்டு வயது. கரி கலந்து பெய்த மழையில் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி முழுவதும் கறுப்புப் புள்ளி விழுந்ததையும், எவ்வளவு சோப்புப் போட்டும் அது போகாததையும் இன்றும் சொல்வார். அந்தத் தளத்தைக் காக்கத்தான் சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று நிறுத்தப்பட்டன என்பதும், அவற்றுள் இரண்டை நிலப்பக்கம் திருப்பிச் சுடவும் செய்தார்கள் என்பதும், ஆனால் கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளாக இருந்ததால் மண்ணில் புதைந்து அதிகம் பயன்படவில்லை என்பதும் பேத்திக்குத் தமிழில் தெரிந்திருந்தால், இருவரும் அன்றிரவு வெகுநேரம் பேசியிருப்பார்கள். பீரங்கிகள் கடலையே பார்த்திருந்தன, நிலப்பக்கம் திரும்பவே முடியவில்லை என்ற 'தப்பான பக்கம்' பழங்கதையும் அங்கேயே திருந்தியிருக்கும்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய பயணம் நடக்கும் வாரத்தில் ஒரு தமிழ்ப் பாடவேளையை அதற்கென ஒதுக்குங்கள். பீரங்கி, காவலரண், சுரங்க அறை, முற்றுகை, சரணடைதல் போன்ற சொற்களைப் பிள்ளைகளின் வாயில் பழக்கிவிட்டு, வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். இது தேர்வுக்கான வேலையாக இருக்க வேண்டாம்.

எல்லா வீட்டிலும் அந்தக் காலத்தவர் இல்லை என்பதை அறிவேன். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கிராஞ்சியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம். அங்கே போர் நினைவுச் சின்னத்துக்குப் பின்னால், தங்கள் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் படையினர். பாசிர் பாஞ்சாங் சாலையோரக் கான்கிரீட் காவலரணையும் காட்டுங்கள். மலாய்ப் படையினர் நின்று போரிட்ட அந்த வட்டாரத்தில், வண்டிகள் நிற்காமல் கடந்துபோகும் சிறு கட்டடம் அது. சிங்கப்பூர் சரணடைந்த பின் 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஃபேரர் பார்க்கில் திரட்டப்பட்ட இந்திய வீரர்களில் பலர் பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததையும், பலர் சேர மறுத்ததையும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் தயங்காமல் பேசலாம் என்பது என் எண்ணம்.

என் தாயார் உங்கள் மாணவர்களோடு பேசத் தயாராக இருக்கிறார். காலை பத்து மணிக்கு முன் என்றால் அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும். காது சற்று மந்தம், பிள்ளைகள் கொஞ்சம் உரக்கக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
தொடக்கநிலை 4 மாணவி ஒருத்தியின் தாத்தா