நெட்டையிடம் நீதான் பேச வேண்டும்

மதுரை,
மார்ச் 28

அன்பு மாப்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று போன மாதம் கேட்டதற்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் உள்ளதை வாட்ஸாப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி. உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. மாசிக் கடைசியில் தூத்துக்குடிக்குப் போய்க் கடலில் தூண்டில் போட்டுவிட்டு வந்தோம். நான், உன் தங்கச்சி, பிள்ளைகள் இரண்டு பேர், நம் கூட்டாளிகள் நெட்டை, சேட்டு. நம் கூட்டத்தில் சோடா மட்டும் வரவில்லை, காரணம் உனக்கே தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு மதுரையை விட்டு, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக விடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். சேட்டு காரில் ஏறியதும் தூங்கியவன், பனிமய மாதா கோவில் கோபுரம் கண்ணில் பட்டபோதுதான் எழுந்தான். வழியெல்லாம் "நான் முழிச்சிருந்து பேச்சுத் துணைக்கு இருக்கேன்" என்றவன் அவன்தான். அவன் மாறவே இல்லை மாப்ள.

படகுக்காரரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். அறுபதை நெருங்கும் வயது. கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, மிதவைச் சட்டையின் பட்டையை ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே இழுத்துப் பார்த்தார். சின்னவனுக்குத் தனியாகச் சின்ன அளவில் ஒன்று எடுத்து வந்திருந்தார். அதில் இரண்டு கால்களுக்கு நடுவே வந்து மாட்டும் ஒரு பட்டை உண்டு. பெரியவர்கள் சட்டையைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் சட்டை மட்டும் மேலே மிதக்கும், பிள்ளை அடியில் நழுவிவிடும் என்றார். உன் தங்கச்சி அந்தப் பட்டையை அப்புறம் நான்கு தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பாள்.

வான் தீவைத் தூரத்தில் காட்டினார். அந்தப் பக்கம் போகவே இல்லை. மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடக் கூடாது. அலை அரித்து அரித்து வான் தீவு சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். பக்கத்தில் இருந்த விலாங்குசல்லி ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டது. அதைச் சொல்லும்போது, தெரிந்த ஒருவர் இறந்த செய்தியைச் சொல்வது மாதிரியே அவர் குரல் இருந்தது.

சரி, மீனுக்கு வருகிறேன். ஆழம் கூடிய இடத்தில் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, பின்னால் இரண்டு தூண்டிலில் பொய் இரையை இழுத்துக்கொண்டு போனோம். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. சேட்டு வாந்தி எடுத்து முடித்துப் படுத்துவிட்டான். திடீரென்று ஒரு ரீல் அலறியது. அந்தச் சத்தத்தை நீ நேரில் கேட்க வேண்டும். தூண்டில் நரம்பு கண்ணெதிரே ஓடிக்கொண்டே இருக்கிறது, சுற்று குறைந்துகொண்டே வருகிறது. யார் கையில் தூண்டில் என்கிறாய்? நம் மூத்தவள் கையில்! அவள் பிறந்தபோது ராஜாஜி ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய என்னோடு நின்றாயே, அவள்தான். இப்போது காலேஜ் போகிறாள்.

தூரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒன்று எழும்பியது. முதுகில் நீலமாக ஒரு விசிறி விரிந்தது. "மயில் மீனு!" என்று அண்ணாச்சி கத்தினார். ஈட்டி மாதிரி நீண்ட மூக்கு. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறிக்கொண்டே மறுபடி எழும்பியது. நெட்டை பதற்றத்தில் ரீலை இறுக்கப் போனான். அண்ணாச்சி அவன் கையைத் தட்டிவிட்டார். நரம்பு 15 கிலோ தாங்கும் என்றால் ரீலின் பிடி 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, மீன் ஓட நினைத்தால் ஓடவிட வேண்டும், அது நிற்கும்போதுதான் சுற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை அப்படியே செய்தாள். அரை மணி நேரம் போல இருக்கும். தோள் நடுங்குகிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், தூண்டிலை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை மாப்ள. பரீட்சைக்கு முதல் நாள் அழுகிற பிள்ளை அவள்.

படகோரம் வந்ததும் நெட்டை செல்போனைத் தூக்கிக்கொண்டு, "மேல தூக்குங்க, போட்டோ எடுப்போம்" என்றான். அண்ணாச்சி தூக்கவில்லை. "வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா இப்பவே ஐஸ்ல போடணும். விடுறதுன்னா இப்பவே விடணும். பாத்துக்கிட்டே நின்னா ரெண்டுங்கெட்டுப் போவும்" என்றார். எங்களுக்கு அவ்வளவு மீன் வேண்டாம், பெட்டியில் கொள்ளவும் செய்யாது. விட்டுவிடலாம் என்று மூத்தவளே சொன்னாள். அவர் கையுறையை நனைத்துக்கொண்டு மூக்கைப் பிடித்தார். மீனை வெளியே எடுக்காமல் முள்ளைக் கழற்றினார். அப்புறம் அவருக்கு உதவிக்கு இருந்த பையன் படகை மெள்ள முன்னால் நகர்த்த, மீனைத் தலை முன்பக்கமாக இருக்கும்படி பிடித்தபடியே வந்தார். செவுளுக்குள் தண்ணீர் ஓடினால்தான் களைப்பு தீருமாம். அந்த நேரத்தில் அதன் விலாவில் கோடு கோடாக நீலம் ஏறி ஏறி மறைந்ததை நான் ஒரு முழம் தூரத்தில் பார்த்தேன். செத்துவிட்டால் அந்த நிறம் போய்விடுமாம். வாலை ஒரு உதறு உதறிக்கொண்டு அது போனது. பிள்ளை உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை வேறு மாதிரி அழுகை.

அதன் பிறகு ஈயம் கட்டிக் கீழே விட்டு, பாறை மீனும் விளமீனும் வீட்டுக்குப் போதுமான அளவு பிடித்தோம். அண்ணாச்சிக்கு ரீல் எல்லாம் கிடையாது. வெறும் தங்கூசி நரம்பு, விரலில் சைக்கிள் டியூப் வெட்டிய வளையம், கணவாய்த் துண்டு, அவ்வளவுதான். எங்கள் விலை உயர்ந்த தூண்டில்கள் எல்லாம் சேர்ந்து பிடித்ததைவிட அவர் ஒருவர் பிடித்தது அதிகம். மறுநாள் வீட்டில் குழம்பு வைத்து அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தோம். அயிரையைத் தவிர வேறு மீனைத் தொடமாட்டேன் என்கிற நம் மாமாவே இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டார்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

திரும்பி வரும்போது எட்டயபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேயே நெட்டை அடுத்த திட்டத்தை அறிவித்துவிட்டான். மே மாதக் கடைசி வாரம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன், அவன் குடும்பம், அவன் அண்ணன் குடும்பம், மச்சினன் குடும்பம், கூடவே அவன் அப்பா. பிள்ளைகளோடு சேர்த்து 14 பேர். அண்ணாச்சி ஒரு படகில் ஆறு பேருக்கு மேல் ஏற்றமாட்டேன் என்றதும், வேறு யாரோ ஓர் ஆளைப் பிடித்திருக்கிறான். அந்த ஆள் எல்லோரையும் ஒரே ஃபைபர் படகில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி முன்பணமும் வாங்கிவிட்டார். மிதவைச் சட்டை எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். "கேட்டா குடுப்பாங்க" என்கிறான். கூடவே பீர் பெட்டியும் போகிறதாம்.

எனக்கு அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

மாதத்தைப் பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். நாட்டுப் படகுக்குத் தடை இல்லைதான். ஆனால் கடலில் ஏதாவது ஒன்று என்றால் பக்கத்தில் வந்து கயிறு போட ஒரு விசைப்படகு இருக்காது. மே கடைசியில் கச்சான் காற்றும் கிளம்பிவிடும். தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால், மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று ரேடியோவில் சொல்வார்களே, அந்தக் காற்றுதான். அந்த மாதங்களில் வெளியூர் ஆட்களையும் பிள்ளைகளையும் ஏற்றவே மாட்டேன் என்று அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர் வேண்டாம் என்கிற கடலுக்கு நெட்டை எந்தத் தைரியத்தில் போகிறான்?

காற்று இல்லாவிட்டாலும் கள்ளக்கடல் இருக்கிறது. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும். அந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, சில நாள் கழித்து நம் கரைக்கு வரும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், காற்றே இருக்காது, கடல் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் கடலில் மூழ்கிச் செத்துப்போனார்களே, நினைவிருக்கிறதா? அன்றைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஆழத்தில் நிற்கும்போது அந்த அலை படகைத் தூக்கித் தாழ்த்திவிட்டுப் போய்விடும். கரைக்குத் திரும்பி ஆழம் குறைகிற இடத்துக்கு வரும்போதுதான் அது எழும்பி உடையும். கரை வந்துவிட்டது என்று பிள்ளைகள் எல்லாம் எழுந்து நிற்கிற நேரமும் அதுதான். 14 பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஃபைபர் படகு என்ன ஆகும்?

பீர் விஷயமும் அப்படித்தான். வெயில், வாந்தி, அதன் மேல் பீர் என்றால் உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வற்றிவிடும். நெட்டையின் அப்பாவுக்குப் போன வருடம்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். கரையை விட்டுத் தூரம் போனால் செல்போனில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், 108 எப்படி வரும்? அண்ணாச்சியின் படகில் விஎச்எஃப் ரேடியோ இருக்கிறது, 16ஆம் சேனலில் கூப்பிட்டால் பக்கத்துப் படகுகளுக்கும் கடலோரக் காவல் படைக்கும் கேட்கும். அந்தப் படையின் 1554 என்ற அவசர எண்ணையும் எங்கள் எல்லோர் போனிலும் பதியச் சொன்னார். புது ஆளிடம் ரேடியோ இருக்கிறதா என்று நெட்டைக்குத் தெரியவில்லை. அந்தப் படகுக்கு ஆள் ஏற்றிப் போக அனுமதி இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

நான் சொன்னால் அவன் கேட்பதில்லை. "நீ பயந்தாங்கொள்ளி, ஒண்ணும் ஆகாது" என்று சிரிக்கிறான். சேட்டு எப்போதும் போல இரண்டு பக்கமும் தலையாட்டுகிறான். நீ சொன்னால் கேட்பான். குற்றாலத்தில் அன்றைக்கு நீ போட்ட ஓர் அதட்டலில்தானே அவன் அந்த இடத்திலேயே நின்றான்? பத்து நிமிடம் கழித்து அருவி எப்படி வந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு அவன் உன் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை.

கடலுக்கே போகாதே என்று அவனிடம் சொல்லச் சொல்லவில்லை. எனக்கும் அந்த ரீல் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அடுத்த மாசி, பங்குனியில் போகலாம். அண்ணாச்சியே இரண்டு படகு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். அளவுக்கேற்ற சட்டை ஒவ்வொருவருக்கும் வேண்டும், பாட்டில் கரையைத் தாண்டக் கூடாது, அப்பா கரையிலேயே இருக்கட்டும், அவரோடு நான் இருக்கிறேன். நீயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. உன் சின்னவள் என் மூத்தவளையே மிஞ்சிவிடுவாள்.

மே மாதத்துக்கு வேறு யோசனை இருக்கிறது. மேலூர்ப் பக்கம் கண்மாய்கள் வற்றிக்கொண்டு வருகின்றன, கோடையில் எங்காவது மீன்பிடித் திருவிழா போடுவார்கள். பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊரே மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற அந்தக் காட்சியை நெட்டையின் பிள்ளைகள் பார்த்ததே கிடையாது. இடுப்பளவு தண்ணீர், சேறு, கெண்டையும் விராலும். யார் வீட்டு மீன் குழம்பு முதலில் மணக்கிறது என்று தெருவே பேசும். அவன் அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும், அவர் அந்த ஊர்க்காரர்தானே. எந்த ஊரில் என்றைக்கு என்று விசாரித்து வைக்கிறேன்.

முன்பணம் போனால் போகட்டும் என்று சொல். அதில் பாதியை நான் தருகிறேன் என்றும் சொல். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில்தான் இருப்பான். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன் எழுந்திருக்க மாட்டான். நான் எழுதினேன் என்று சொன்னாலும் பரவாயில்லை, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பேசிவிட்டு எனக்கு உடனே போன் பண்ணு.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். முழங்கால் விஷயத்தை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மாப்ள