ஓய்வுநாள் யாருக்கெல்லாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுநாள் சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாக நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வெள்ளிக்கிழமை சூரியன் அடைவது முதல் சனிக்கிழமை சூரியன் அடையும்வரை ஓய்வுநாளை ஆசரிக்கும் குடும்பத்தில் பிறந்து, இன்றுவரை அதையே கைக்கொண்டுவருகிறவள் நான். ஆகவே, எந்த நாள் என்ற கேள்வி எனக்கும் முக்கியமானதே. ஆனால் இத்தனை கடிதங்கள் வந்தும், ஓய்வுநாளைக் கட்டளையிடும் நாலாம் கற்பனையின் (வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில் நான்காவதன்) நடுப்பகுதியை ஒருவரும் தொடவில்லை என்பது மனதை உறுத்துகிறது.

பத்துக் கற்பனைகளில் மிக நீளமானது இதுதான். கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பவை ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையோ, வேதாகமத்தின் இரண்டாம் புத்தகமாகிய யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் நான்கு வசனங்களுக்கு நீள்கிறது. நீயும், உன் குமாரனும் குமாரத்தியும், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன் மிருகஜீவனும், உன் வாசல்களில் இருக்கிற அந்நியனும் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேலையிலிருந்து விடுவிக்கிற பட்டியல் அதில் இருக்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் அதே கட்டளை மீண்டும் சொல்லப்படும்போது எருதும் கழுதையும் தனியாகச் சேர்க்கப்படுவதோடு, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறவேண்டும் என்று காரணமும் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இக்கட்டளையின் உயிரே அந்த ‘உன்னைப்போல்’ என்பதில்தான் இருக்கிறது.

யாத்திராகமம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் சிருஷ்டிப்பு: கர்த்தர் ஆறு நாளில் யாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் சொல்லும் காரணம் வேறு: நீ எகிப்து தேசத்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள் என்கிறது. அந்த அடிமைத்தனம் எப்படிப்பட்டது என்பதை யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் காட்டுகிறது. மூன்று நாள் வனாந்தரத்துக்குப் போய்ப் பலியிட விடுப்புக் கேட்ட இஸ்ரவேல் ஜனங்களை எகிப்தின் ராஜாவாகிய பார்வோன் சோம்பேறிகள் என்றான்; செங்கல் அறுக்க வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அன்றாடம் அறுக்கவேண்டிய கணக்கில் ஒன்றுகூடக் குறையக்கூடாது என்றான். இளைப்பாற நேரம் கேட்பவனைச் சோம்பேறி என்பது அன்றே தொடங்கிவிட்டது! அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வெளியே வந்தவர்களுக்குத்தான், இனி நீங்கள் எஜமான்களாகும்போது உங்களுக்குக் கீழே இருப்பவருக்குப் பார்வோனாக இராதேயுங்கள் என்று இந்த நாள் கட்டளையாகக் கொடுக்கப்பட்டது.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தைச் சுற்றிய எங்கள் பகுதியில் இந்த ஆசரிப்பு ஏறத்தாழ 170 ஆண்டுப் பழக்கம். நாசரேத் மிஷனிலிருந்து பிரிந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை 1857இல் தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை, ஐரோப்பிய மிஷனரிகளின் அதிகாரத்தை ஏற்க மறுத்ததோடு, பழைய ஏற்பாட்டைத் தானே ஆராய்ந்து சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொண்டது. பிற்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வெந்து சபையார் இங்கு வந்தபோது, அச்சபையின் ஊராகிய பிரகாசபுரத்துக்காரர்களுக்கு ஏழாம் நாள் ஒரு புதுச் செய்தியாக இருக்கவில்லை. இந்த வரலாறு இன்று நம் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது என்பது தனி வருத்தம்.

பனைக்காட்டில் இந்தக் கட்டளையைக் கைக்கொள்வது லேசான காரியமல்ல. பதனீர்ப் பருவம் சில மாதங்களே. பாளையை நாள் தவறாமல் சீவினால்தான் பதனீர் வடியும், ஒரு நாள் விட்டால் சீவிய வாய் காய்ந்துபோகும். என் தாத்தா வெள்ளிக்கிழமை வெயில் சாயுமுன் கடைசிப் பனையிலிருந்து இறங்கிவிடுவார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை விடியும்வரை பனையடிக்குப் போகமாட்டார். சனிக்கிழமை இறக்கியிருக்கவேண்டிய கலயங்களில் பதனீர் நிறைந்து புளித்துக் கிடக்கும். அதை அப்படியே கொட்டுவார்கள். பதனீர் காய்ச்சும் குடிசையாகிய விடிலியில் அன்று அடுப்பு எரியாது. கருப்பட்டிக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருக்கும் மாதத்தில், வாரம் தவறாமல் ஒரு நாள் வருமானத்தை மண்ணில் ஊற்றுவதை அக்கம்பக்கத்தார் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ‘விதைப்புக் காலத்திலும் அறுப்புக்காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக’ என்ற யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்து வசனத்தைத்தான் தாத்தா அவர்களுக்குப் பதிலாகச் சொல்வார். கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுச் சட்டத்தைப் பிறப்பித்தபோது, பருவம் தவறக்கூடாது என்று உழவர்களுக்கு விலக்குக் கொடுத்தார். மோசேயின் பிரமாணமோ வேலை நெருக்கும் பருவத்தையே பெயர் சொல்லி உள்ளே கொண்டுவருகிறது. தாத்தாவிடம் விறகு பொறுக்கவும் பதனீர் சுமக்கவும் கூலிக்கு வந்த பெண்களுக்கு அந்த நாளின் கூலியை அவர் பிடித்ததில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து அனுப்பப்பட்ட ஆகாரமாகிய மன்னா ஆறாம் நாளில் இரண்டத்தனையாக விழுந்தது எதற்காக என்று நினைக்கிறீர்கள் என்று கேட்பார். வேலை செய்யாத நாளிலும் சாப்பாடு உண்டு என்பதற்காகத்தானே?

மன்னாவைப் பற்றிச் சொல்லும் யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் வீட்டுப் பெண்களைப் பற்றியும் பேசுகிறது என்று நான் எண்ணுகிறேன். ஏழாம் நாளில் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டக்கூடாது என்று அதே ஆகமத்தின் 35ஆம் அதிகாரம் சொல்வதால் சனிக்கிழமைக்கான சமையல் வெள்ளிக்கிழமையே முடியவேண்டும். இதில் என்ன நடக்கிறது? மற்ற எல்லாரும் ஒரு நாள் இளைப்பாறுவதற்காக அம்மா ஒருத்தி முந்தின நாள் இரண்டு நாள் வேலையைச் செய்கிறாள். எங்கள் வீட்டில் அப்பா அப்படி விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும், துணிகளுக்கு இஸ்திரி போடுவதும் அண்ணன்மார் பொறுப்பு. மாவாட்டுவதும் புளிச்சோற்றுக்குப் புளி கரைத்து வைப்பதும் அப்பாவே செய்வார். இரட்டிப்பு மன்னாவைச் சேர்த்தது ஜனங்கள் எல்லாருமாகத்தான், ஒரு ஸ்திரீ தனியாக அல்ல என்பது அவர் வாதம். இன்றும் பல ஓய்வுநாள் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலையில் களைத்துப்போய் ஜெபத்துக்கு உட்காருகிற பெண்களைப் பார்க்கிறேன்.

எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஓய்வுநாளில் விறகு பொறுக்கினவன் கல்லெறியுண்டு செத்ததை எப்படி ஏற்பது என்று. அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு கனக்கிறது. அதை எளிதாக விளக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆனால் அதை அடுத்து உடனே வருவது, வஸ்திரத்தின் ஓரங்களில் தொங்கல்களை உண்டாக்கி இளநீல நாடாவைக் கட்டிக்கொள்ளுங்கள், அதைப் பார்க்கும்போது கற்பனைகளையெல்லாம் நினைப்பீர்கள் என்ற வார்த்தை. மனிதன் மறக்கிறவன் என்று அறிந்தே, கண்ணில் படுகிற, கையில் தட்டுப்படுகிற ஒரு நினைவுக்குறியை அது தருகிறது. யூதர்கள் இன்றும் அத்தொங்கல்களை அணிகிறார்கள். ஓய்வுநாள் மேசையில் இரட்டிப்பு மன்னாவின் நினைவாக இரண்டு அப்பங்களை வைக்கிறார்கள். உயிர் காக்கவேண்டி வந்தால் ஓய்வுநாள் விதிகள் வழிவிடவேண்டும் என்பதும் அவர்கள் போதகர்களின் உறுதியான தீர்ப்பு.

நம்முடைய கர்த்தராகிய இயேசுவோ இன்னும் ஒரு படி போகிறார். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் 18 வருஷமாய்க் கூனியாயிருந்த ஸ்திரீயை ஓய்வுநாளில் அவர் சொஸ்தமாக்கியபோது ஜெபாலயத்தலைவன் கோபப்படுகிறான். அவனுக்கு அவர் கொடுத்த பதில், ஓய்வுநாளில் உன் எருதையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறாயே, இந்த ஆபிரகாமின் குமாரத்தியைக் கட்டவிழ்க்க வேண்டாமா என்பது. எருது, கழுதை என்று அவர் எடுத்தது உபாகமத்துப் பட்டியலிலிருந்தே வருகிறது. ஓய்வுநாளை அவர் தளர்த்தினார் என்று சொல்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

இப்போது நம் நிலையைப் பார்க்கிறேன். ஓய்வுநாளில் கடையை மூடி ஆலயத்துக்குப் போகிறோம். வீட்டில் பாத்திரம் விளக்குகிற அக்கா மட்டும் வழக்கம்போல் வந்து விளக்கிவிட்டுப் போகிறார். சமைக்கக்கூடாது என்பதற்காக ஓட்டலுக்குச் சொல்லி அனுப்பி, கொளுத்தும் வெயிலில் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி கொண்டுவந்து கொடுக்கிற பொட்டலத்தைப் பிரித்து வைத்து ஜெபம் பண்ணுகிறோம். வேதம் சொல்லும் ‘உன் வாசல்களில் இருக்கிற அந்நியன்’ அந்தத் தம்பியேயன்றி வேறு யார்? சனிக்கிழமைக்காரர், ஞாயிற்றுக்கிழமைக்காரர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

நாட்டின் சட்டம் இவ்விஷயத்தில் சில இடங்களில் நம்மைவிட முன்னே போயிருக்கிறது. தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேயும் மில் தொழிலாளரும் போராடி 1890இல் பம்பாய் ஆலைகளில் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரம் ஒரு நாள் விடுப்பை உறுதிசெய்தது. கடைகளில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆனால் நம் வீட்டுக்குள் வேலை செய்பவர் தொழிற்சாலைச் சட்டத்திலும் வரமாட்டார், கடைச் சட்டத்திலும் வரமாட்டார். அவருக்கு வார விடுப்பு உண்டா இல்லையா என்பது வீட்டுக்காரரின் மனதைப் பொறுத்ததாகவே இருக்கிறது. சட்டம் எட்டாத அந்த இடத்துக்குள்தான் நாலாம் கற்பனை 3,000 ஆண்டு பழைய வேலைக்காரியின் பெயரால் நுழைகிறது.

ஆகையால் என் வேண்டுகோள் இது. எந்த நாளை ஆசரித்தாலும், வீட்டில் வேலை செய்பவருக்கும், காவலுக்கு இருப்பவருக்கும், வாகனம் ஓட்டுபவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் சம்பளப் பிடித்தமில்லாத விடுப்பு தருவதைச் சபைக் கமிட்டிகள் தீர்மானமாகவே எழுதி, அங்கத்தினர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அன்றைய ஆராதனைக்கு மணி அடித்து, பாய் விரித்து, எல்லாரும் போனபின் கூட்டிப் பெருக்குகிறவருக்கு அந்த நாள் ஓய்வாக இருக்க வழியில்லை என்பதால், அவருக்கு வேறொரு நாளை ஒதுக்கிக் கொடுக்கவேண்டும். இதைச் செய்துவரும் சபைகள் ஏற்கெனவே இருந்தால், எப்படிச் செய்கிறார்கள் என்பதை அவர்களே தங்கள் இதழுக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.