செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சுபேதார் சாப்மார்களே, தம்பிமார்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது முன்னாள் படைவீரர் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் மூன்று உறுப்பினர்களை இழந்தோம். அவர்களுக்கு அஞ்சலி. இரண்டு வீடுகளில் குடும்பப் பென்ஷன் வந்துவிட்டது. மூன்றாவது வீட்டுக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கிகளை ஜூனில் திரும்ப வாங்க உறுப்பினர்களுக்கு உதவினோம். ஜூலை 26 அன்று கார்கில் வெற்றியின் 25ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தோம். டிசம்பர் 7 கொடி நாள் வசூல் நடந்தது. பொங்கலை ஒட்டி அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலைக்கு மாலை அணிவித்தோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது.

சரி, இனி துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்கு இவ்வளவு மெனக்கெடலும் செலவும் தேவையா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதனால் நடந்ததை முழுமையாகச் சொல்கிறேன்.

ஜூலையில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி தன் கன்மேன்களுக்குச் சுடும் பயிற்சி வைத்தது. நம் ஆட்கள் ஆறு பேர் போனார்கள், நானும் கூடப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நம்முடைய நாயக் தம்பி ஒருவர் சிங்கிள் பேரல் (ஒற்றைக் குழல்) பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கியில் மூன்றாவது தோட்டாவைச் சுட்டார். 'டமார்' என்று கேட்க வேண்டியது, 'புஸ்' என்று கேட்டது. தோளில் உதையே இல்லை. தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, அதாவது சிறு ஈயக் குண்டுகள், கொஞ்சம் நாலடி தள்ளிப் புல்லில் உதிர்ந்தது. தம்பி துப்பாக்கியை மடக்கினார், காலித் தோட்டாவை எடுத்துப் போட்டார், புதுத் தோட்டாவைச் செருகி மூடினார். எல்லாம் மூன்று நொடிக்குள். விரல் குதிரைக்கு (சுடும் விசைக்கு) போகும்போது "ருக்கோ!" என்று கத்தினேன். நின்றுவிட்டார்.

தோட்டாவை எடுக்கச் சொல்லிவிட்டு, பின்பக்கத்திலிருந்து பேரலை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. ரவைக்குப் பின்னால் இருக்கும் வாட் என்ற அடைப்பு, தோட்டா உட்காரும் அறையைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் சிக்கியிருந்தது. சுடும்போது நம் இடது கை பிடித்திருக்கும் இடம் அது. அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் பேரல் அங்கேயே வெடித்திருக்கும்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். பட்டாளத்தில் நமக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். ரைஃபிள் நின்றுபோனால் காக் பண்ணு (போல்ட்டைப் பின்னால் இழுத்து விடு), குறி பார், சுடு. எதிரி எதிரில் நிற்கும்போது அது சரி. வருஷக்கணக்காக பெல்ட்டில் கிடந்த தோட்டாவைப் போட்டுப் பயிற்சிக் களத்தில் சுடும்போது அதே பழக்கம் நம் கையைப் பறித்துவிடும். பட்டாளத்து எஸ்.எல்.ஆர் ரைஃபிளிலும் இதே கதைதான். மருந்து சரியாக எரியாவிட்டால் போல்ட்டைத் தள்ளும் வாயு போதாது, போல்ட் பின்னால் வராது. நாம் கையால் காக் பண்ணி, அடைபட்ட பேரலில் அடுத்த ரவுண்டை ஏற்றிவிடுவோம். "இருபது வருஷம் துப்பாக்கி பிடித்தவனுக்கு நீங்கள் என்ன வகுப்பு எடுப்பீர்கள்" என்று என்னிடம் கேட்ட அண்ணன்மாருக்கு இதுதான் பதில். அந்த இருபது வருஷப் பழக்கத்துக்காகத்தான் வகுப்பு.

செப்டம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு நடந்தது. பன்னிரண்டு போர் பேரலின் உள் அகலம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை சிவாஜி நகரில் தேடி வாங்கினேன். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். நடுவில் ஓட்டை போட்டு, அதன்மேல் பலூனை இறுக்கக் கட்டினேன். ஒரு முனையில் சைக்கிள் பம்பு. முதலில் ஒரு கார்க்கை மட்டும் வைத்து அடித்தபோது அது மறுமுனை வழியாகப் பறந்து போனது, பலூன் லேசாக அசைந்ததோடு சரி. அடுத்து, ஓட்டையைத் தாண்டி ஒரு கார்க்கை அழுத்திச் செருகிவிட்டு அடித்தேன். காற்றுக்குப் போக வழியில்லை. பலூன் உப்பிக்கொண்டே வந்து வெடித்தது. குழாயை இடது கையில் பிடித்திருந்த ஹவில்தார் அண்ணன் சட்டென்று கையை எடுத்துவிட்டார். அதன்பிறகு யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சொல்லிக்கொடுத்ததை வராதவர்களுக்காக இங்கேயும் பதிவு செய்கிறேன். குதிரையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், பேரல் வாயை ஆளில்லாத பக்கமே வைத்துக்கொண்டு முப்பது வரை நிதானமாக எண்ணுங்கள். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் தாமதமாகப் பற்றலாம், அந்த நேரத்தில் திறந்தால் முகத்தில் வெடிக்கும். சத்தம் குறைந்தாலோ உதை குறைந்தாலோ, அதோடு சுடுவதை நிறுத்துங்கள். அப்போதும் முப்பது எண்ணிவிட்டுத் திறந்து, தோட்டாவை எடுத்து, பின்பக்கத்திலிருந்து பேரலைப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். இரும்புக் கம்பியால் குத்துவதோ, இன்னொரு தோட்டாவைச் சுட்டுத் தள்ளப் பார்ப்பதோ கூடவே கூடாது. கேஷ் வேனில் .32 ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி பேரலிலும் சிக்கினால் சிலிண்டர் சுற்றாது. பலம் கொடுத்துச் சுற்றாதீர்கள்.

மருந்தே இல்லாமல், குண்டைப் பேரலுக்குள் தள்ளும் அளவுக்குக் கேப்புக்கு மட்டும் வலு உண்டா என்று ஒருவர் கேட்டார். புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ 1993 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் படப்பிடிப்பில் இறந்தது அப்படித்தான். மருந்தை எடுத்துவிட்ட தோட்டாவில் கேப்பை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அந்தக் கேப் வெடித்துக் குண்டைப் பேரலுக்குள் தள்ளி நிறுத்தியது. பேரலை யாரும் பார்க்கவில்லை. பிறகு குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, உள்ளே இருந்த குண்டு வெளியே வந்துவிட்டது. அவருக்கு வயது 28. இதைச் சொன்னதும் அறை அமைதியாகிவிட்டது.

தோட்டா பளபளப்பாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. எண்ணெய் கேப்புக்குள் இறங்கினால் அது செத்துவிடும். பேரலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றை இழுத்தபின் அதில் கட்டிய துணித் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் மூலையில் சாத்தி வைத்த துப்பாக்கி என்றால் பேரலில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் வையுங்கள். பேரல் வாயில் வேண்டாம்.

ஆயுதப் பணியில் இருக்கும் உறுப்பினர்கள் 64 பேர். முதல் வகுப்புக்கு வந்தவர்கள் 17. முகூர்த்த நாள் என்று சிலர் சொன்னதால் நவம்பரில் இரண்டாம் முறை வைத்தேன். அதற்கு 23 பேர், அதிலும் ஒன்பது பேர் முதல் முறையும் வந்தவர்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் இவ்வளவுதான். பொங்கல் சாப்பாட்டுக்கு இருநூறு இலை போட்டோம். அதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனாலும் ஒரு வகுப்புக்கும் வராத அந்த 33 பேரைக் கேட்க வேண்டும்: உங்கள் பேரலில் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தீர்கள்?

இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஆன செலவு 3,400 ரூபாய். குழாய், டம்மி தோட்டாக்கள், பேரலுக்குள் விடும் சிறு விளக்கு, டீ, வடை எல்லாம் அதில் அடக்கம். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

வரவு செலவை அவர் விரிவாக வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், சென்ற ஆண்டைவிடக் கையிருப்பு சற்றுக் குறைவு, விழாச் செலவு கூடிவிட்டது, வைப்புத் தொகையைத் தொடவில்லை. மொத்தம் 112 உறுப்பினர்களில் 47 பேர் சந்தா பாக்கி. மாதம் ஐம்பது ரூபாய்தான். சிலர் இரண்டு ஆண்டாகத் தரவில்லை. கஷ்டத்தில் இருப்பவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், அவர்களிடம் கேட்கவும் மாட்டேன்.

கூடத்தை வாடகையில்லாமல் தந்தவருக்கும், கண் முகாம் டாக்டர்களுக்கும், கணக்கைச் சரிபார்த்த சுபேதார் சாப்புக்கும், சமையலுக்கு நின்ற சகோதரிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் வேலை அதிகம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் ஆயுத லைசென்ஸ் ஐந்தாண்டுக்குச் செல்லும். 2020இல் புதுப்பித்தவர்களுக்கு இந்த ஆண்டு கெடு. மனு எழுத, போட்டோ நகல் எடுக்க, ஆள் கூடப் போக எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். எனக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது. இளையவர் ஒருவர் செயலாளராக வந்தால் குழாயையும் பம்பையும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுக் கூட இருந்து உதவுவேன். யாரும் முன்வராவிட்டால் மூன்றாம் வகுப்பையும் நானே எடுக்கிறேன்: செப்டம்பர் 28, ஞாயிறு, காலை 9 மணி, ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு. துப்பாக்கி கொண்டுவர வேண்டாம். அந்த நாயக் தம்பியும் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் நோட்டும் சந்தா ரசீதுப் புத்தகமும் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் பொருளாளரிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்
பெங்களூரு